சிவனணைந்தான்மேல் பெய்யாத மழை

கீழளத்து உப்பளத் தொழிலாளர் சங்கம் சிவனணைந்தானை விலக்கி வைத்த மறுநாள் மழை பெய்தது; அவன்மேல் மட்டும் பெய்யவில்லை. வடக்கே கருத்துக்கொண்டு கிளம்பிய மழை, பாத்திகளில் பெய்து, வரப்புகளில் பெய்து, முதலாளிமாரின் மோட்டார்க் கொட்டகைமேலும் தொழிலாளிகளின் ஓலைக் குடிசைகள்மேலும் வித்தியாசம் பாராமல் பெய்து, சவேரியார் கோயில் கொடிமரத்தையும் சுடலைமாடன் பீடத்தையும் ஒன்றாக நனைத்து, சங்கத்தின் கஞ்சித்தொட்டிக்கு மேலே கட்டியிருந்த சாக்குப் படுதாவைக் கிழித்துக்கொண்டு இறங்கி, கடைசியில் சிவனணைந்தான் நின்றிருந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து, அவனுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெய்தது. அவன் தலைமுடி காய்ந்திருந்தது. அவனைச் சுற்றிக் கல்யாணப் பாய் விரித்த அகலத்துக்குத் தரையும் காய்ந்திருந்தது.

டீக்கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். "சங்கத்துத் தீர்மானம்னா சும்மாவா" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

அப்போது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அளத்தில் குடிக்கத் தண்ணீர் வேண்டும், மத்தியான வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும், கூலியைக் கூட்ட வேண்டும் என்று கேட்டு, உப்பு வாரும் பலகைகளையெல்லாம் சங்கக் கட்டடத்தில் அடுக்கிப் பூட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் கஞ்சித்தொட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். எல்லார் வீட்டிலும் அடுப்பு அவிந்திருந்தது. சிவனணைந்தான் வீட்டிலும் அவிந்திருந்தது. ஆனால் அவன் வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் செல்லக்கனி இருந்தாள். தாயில்லாத பெண். சங்கத்துக் கஞ்சியைக் கண்டாலே அவளுக்குக் குமட்டியது, குடித்ததெல்லாம் வாசலில் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒரு துண்டு மீனுக்கு ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும், சிவனணைந்தான் யாரிடமும் சொல்லாமல், முதலாளி கொடுத்த பலகையை வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் பாத்திக்குள் இறங்கி உப்பு வாரினான். ஒளியவில்லை. சூரியன் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தும் வெட்டவெளியில் ஒளிவதற்கு எங்கே இடம்?

கூட்டம் கூடியது. மொட்டையடித்து அனுப்புவோம் என்றார்கள் சிலர். அபராதம் போடுவோம் என்றார்கள் சிலர். சங்கத் தலைவர் மாசிலாமணி எழுந்து நின்று துண்டைச் சரிசெய்ததும் எல்லாரும் அடங்கினார்கள்.

மாசிலாமணி பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். துண்டறிக்கைகளிலும் அரையணா வெளியீடுகளிலும் படித்ததுதான் அதிகம். சிறைக்குப் போனபோதெல்லாம் படித்தார், திரும்பி வந்தபோதெல்லாம் எழுதினார். அவர் எழுதியவற்றில் அவருக்கே பிடித்தது 'விலக்கு: ஒரு சொல்லின் பிறப்பு' என்ற சிறு வெளியீடு. ஊர்ஊராக மாநாட்டுப் பந்தல் வாசலில் சாக்கை விரித்து அதை அவரே விற்றிருக்கிறார். சொற்கள் வானத்திலிருந்து விழுவதில்லை என்று அது தொடங்கும். கையில் கம்பு உள்ளவனும் கம்பு இல்லாதவனும் ஒரே பாதையில் எதிரெதிரே வந்த நாளில் அந்தச் சொல் பிறந்தது என்று தொடரும். கம்புள்ளவன் 'விலகு' என்றான். கம்பில்லாதவன் தலைச்சுமையோடு முள்ளுக்குள் இறங்கி நின்றான். பிறகு கம்புள்ளவன் வராதபோதும் அவன் இறங்கி நின்றான். பிறகு அவன் பிள்ளை கேட்காமலே இறங்கி நின்றது. அன்றுதான் கட்டளை வழக்கமாயிற்று, 'விலகு' என்பது 'விலக்கு' ஆயிற்று, குளத்துக்கு விலக்கு, கோயிலுக்கு விலக்கு, கிணற்றுக்கு விலக்கு என்று ஊருக்கே வேலி போட்டது. மாசிலாமணியின் அப்பா உப்பு மூட்டையோடு அப்படி முள்ளுக்குள் இறங்கி நின்றதைப் பார்த்த கண்கள் மாசிலாமணியுடையவை. அதனால் அந்த வெளியீட்டில் பொய் இல்லை.

"நம்ம மேல எறிஞ்ச சொல்லு அது," என்றார் மாசிலாமணி, அந்தக் கூட்டத்தில். "இத்தன காலம் நம்ம நெஞ்சுல கெடந்து அழுத்துச்சு. இன்னைக்கு நாம எடுப்போம். மொட்டையும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். அதெல்லாம் கம்புள்ளவன் பண்ணுத வேல. இவன விலக்கி வைப்போம். யாரும் பேசக்கூடாது, கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. ஒரு பாட்டாளி இன்னொரு பாட்டாளிய விலக்கினா அந்தச் சொல்லுக்கு என்ன பலம்னு மொதலாளி பாக்கட்டும்."

கைதட்டினார்கள். நல்ல பேச்சு என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பலம் என்று மறுநாள் மழையிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் மழை விலகியது. பிறகு காற்று. அவன் நடந்தால் புழுதி எழும்பி வேறு பக்கம் போனது. ஈ அவனை அண்டவில்லை, காக்கை அவன் வாசலில் இறங்கவில்லை, அவன் வளர்த்த நாயே வாலை ஆட்டிக்கொண்டு நல்ல பிரியத்தோடு பின்பக்கமாகவே நகர்ந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. கடைசியில் மனிதர்கள். அவன் எதிரே வந்தால் ஆட்களின் கால், பெற்ற மகளின் கால்கூட, தானாக வழுக்கியது. யாரோ நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல, வலியில்லாமல், மரியாதையாக, பாயகலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. தண்ணீர்ப் பானையை அவன் சாய்த்தால் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. தலையில் ஊற்றிக்கொண்டால் மட்டும் தோளைத் தொடாமல் தரைக்கு ஓடியது. உப்புத் தொழிலாளிக்கு ஆயுசுக்கும் ஆறாத கால்வெடிப்பு அவனுக்கு ஆறிப்போயிற்று. உப்பும் அவனைத் தொடவில்லை.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளவில்லை. தொழிலாளி வீட்டில் எதையும் வீணாக்குகிற வழக்கம் கிடையாது. கருவாடு காயப்போட்ட பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்: சிவனணைந்தான் மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்தால் கருவாட்டில் ஈயும் மொய்ப்பதில்லை, தூறலும் விழுவதில்லை. அவனோடு பேசக்கூடாது என்பதால், "இந்த மேக்கால கல்லுல யாராவது செத்த நேரம் உக்காந்தா நல்லாருக்கும்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவன் வந்து உட்கார்ந்தான். பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். சவேரியார் சப்பரம் மழையில் கிளம்பியபோது முன்னால் ஒருவன் நடந்தால் நல்லது என்று சொன்னார்கள். அவன் நடந்தான், சப்பரத்து மெழுகுதிரி ஒன்றுகூட அணையவில்லை. எல்லாரும் அவனைக் குடைக்காரன் என்று தங்களுக்குள் கூப்பிட்டார்கள். அதில் அன்புகூட இருந்தது.

கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் வருகிறவனுக்கு டீ கொடுக்காமல் எப்படி அனுப்புவது என்று டீக்கடையில் ஒரு பேச்சு வந்தது. கொடுக்கக்கூடாது என்பதுதான் தீர்மானம், கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தால் அது கொடுத்ததாகுமா என்று சங்கத்துச் செயலாளர் வயணப்பெருமாளிடம் கேட்டார்கள். வயணப்பெருமாள் நெற்றியைச் சுருக்கி, ஆகாது என்றான். அதற்கென்று ஒரு கிளாஸ் ஒதுக்கினார்கள். கடைக்கு வெளியே, கூரைக்காலில் அடித்த ஆணியில், ஒரு கம்பியில் தொங்கியது.

மாசிலாமணி அந்தக் கிளாஸைப் பார்த்தார். இருபது வயதில் இதே கடையில், இதேபோல் வெளியே தொங்கிய கிளாஸ்களைப் பிடுங்கி ரோட்டில் போட்டு உடைத்து மண்டை உடைபட்டவர் அவர். அந்தத் தழும்பு இன்னும் வலது புருவத்துக்கு மேலே இருந்தது. கடைக்காரன் அவருக்கு உள்ளே பெஞ்சைத் துடைத்துப் போட்டான். அவர் உட்கார்ந்து டீயைக் குடித்தார். காசைக் கொடுத்துவிட்டு, தொங்கிய கிளாஸில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

மழை நிற்கவில்லை. அது உப்பு விளைகிற பருவம், மழைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் பெய்தது. தட்டுமேட்டில் மலைமலையாகக் குவித்திருந்த உப்பு அம்பாரங்கள், ஓலை வேய ஆளில்லாமல், உச்சி கரைந்து, தோள் கரைந்து, வெள்ளைச் சேறாகக் கடலுக்கே திரும்பிப் போகத் தொடங்கின. ஒரு மத்தியானம் முதலாளி காரில் வந்து சங்கக் கட்டடத்து வாசலில் இறங்கினார். அந்தக் கட்டடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"மாசிலாமணி, உங்க ஆளு ஒருத்தன் இருக்கானாமே," என்றார் முதலாளி.

"எங்க ஆளு இல்ல. நாங்க விலக்குன ஆளு," என்றார் மாசிலாமணி.

"யாரு ஆளா இருந்தா என்ன. அவன என் தட்டுமேட்டுல உக்கார வையும்."

"தண்ணி, கூர, கூலி," என்றார் மாசிலாமணி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். அப்படிச் சாய்ந்துகொண்டு ஒரு முதலாளியிடம் பேச வேண்டும் என்பதற்காக அவர் ஒரு ஆயுசு காத்திருந்தார்.

எல்லாம் கிடைத்தது. அளத்துக்குள் குழாய் வந்தது, ஒதுங்கக் கூரை வந்தது, கூலி ஏறியது. சிவனணைந்தான் அம்பாரங்களுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தான். அவன் உட்கார உட்கார அந்தப் பாயகலம் பெரிதாகி, ஊர் அவனை எவ்வளவு நம்பியதோ அவ்வளவு அகலமாகி, தட்டுமேடு முழுவதும் காய்ந்தது. ஆனால் ஆட்கள் நிற்கிற தூரமும் கூடவே நகர்ந்தது. முன்பு பாயகலத்தில் நின்றவர்கள் இப்போது தெரு அகலத்துக்கு அப்பால் நின்றார்கள். வெற்றி விழாக் கூட்டம் தட்டுமேட்டு ஓரத்தில் நடந்தது. சுற்றிலும் மழை கொட்டிக்கொண்டிருக்க, நடுவே காய்ந்த தரையில் மைக் வைத்து, மாசிலாமணிக்கு மாலை போட்டு, உலகத்தில் எந்தச் சங்கத்துக்கும் கிடைக்காத வெற்றி என்று பேசினார்கள். மழையில் மைக் கெட்டுவிடாமல் இருக்க, மேடைக்குப் பின்னால், எவ்வளவு தூரத்தில் இருந்தால் போதுமோ அவ்வளவு தூரத்தில் சிவனணைந்தான் இருந்தான். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு அவன் தெரு அகலத்துக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். அவ்வளவு தூரம் இருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி. ஒரு வார்த்த கேக்கணும்."

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். பேசக்கூடாது என்பது அவர் கொண்டுவந்த தீர்மானம்.

"நீங்க பேசாண்டாம். கேட்டா மட்டும் போதும்," என்றான் சிவனணைந்தான். "நாஞ் செஞ்சது தப்புதான். பிள்ள மீனு கேட்டா, போயிட்டேன். அதுக்குள்ளத அனுபவிச்சாச்சு. அவளுக்கு நாளு நெருங்கிட்டு. பிள்ள பொறக்கதுக்குள்ள இத எடுத்துவிட்டுருங்க. பேரப்பிள்ளயக் கையில வாங்கணும்லா. அவளுக்கு அம்மாவும் இல்ல. நாந்தான் வாங்கணும்."

மாசிலாமணி தலையை அசைத்தார். அவ்வளவு தூரத்தில் அந்த அசைவு தெரிந்ததா என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், சிவனணைந்தான் கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்து தங்கபுஷ்பத்திடம் சொன்னார். தங்கபுஷ்பம் அவர் மனைவி. அவர் சிறையில் இருந்த காலமெல்லாம் கருவாடு விற்று வீட்டை ஓட்டியவள், அவர் எழுதிய எதையும் வாசிக்காதவள். அவளுக்கு வாசிக்கத் தெரியும், நேரம் இல்லை.

"எடுத்துவிட வேண்டியதுதான," என்றாள்.

"அது அப்பிடி இல்ல. தீர்மானம். கமிட்டி கூடணும். அந்தச் சொல்லோட வரலாறு உனக்குத் தெரியாது."

"தெரியும். ரோட்டுல பொறந்ததுன்னு எழுதியிருக்கியளாம்ல. வயணப்பெருமாளு பெண்டாட்டி வாசிச்சுக் காட்டுனா."

"ஆமா."

"அத நீங்க எழுதுன நாளு எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க இந்தக் கட்டில்ல இருந்து எழுதுனிய. நான் பின்னால வெறகுக் கொட்டாயில இருந்தேன். வீட்டுக்கு வெலக்கு. உங்க அம்ம உள்ள விடமாட்டாவ. நீங்க சோறு கேட்டிய, பக்கத்து வீட்டு மதினி கொண்டாந்து வச்சா. தின்னுட்டு எழுதுனிய." அவள் மீன் செதிலை வழித்துக்கொண்டே பேசினாள், நிமிரவில்லை. "ரோடு போடுததுக்கு முன்னாடியே வீடு கட்டியாச்சு. அதச் சொன்னேன். போயி கமிட்டியக் கூட்டுங்க."

 இதை வெளியீட்டின் அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்று மாசிலாமணிக்கு முதலில் ஒரு எண்ணம் வந்தது. அப்படி ஒரு எண்ணம் வந்ததற்காக உடனே முகம் சுட்டது.

கமிட்டி கூடியது. மாசிலாமணி பேசினார். தண்டனையின் நோக்கம் திருத்துவது என்றார், தோழன் திருந்திவிட்டான் என்றார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு வயணப்பெருமாள் தொண்டையைச் செருமினான்.

"தலைவர் சொன்னா சரிதான். எடுக்காண்டாம்னு யாரு சொன்னா? எடுப்போம். ஆனா அம்பாரம் பூரா வெட்டவெளில கெடக்கு. இன்னைக்கு நாம எடுத்துட்டம்னா நாளைக்கு அதுமேல மழ பெய்யும். உப்பு போச்சுன்னா மொதலாளி கொழாயப் புடுங்குவான். கூரையப் பிரிப்பான். மறுபடி கஞ்சித்தொட்டியா?"

"லாரி வந்து உப்ப ஏத்திட்டுப் போகட்டும்," என்றான் இன்னொருத்தன். "அதுவரைக்கும் ஒரு ஆளு, எல்லாருக்காகவும் கொஞ்சம் தள்ளி இருக்கான். அவ்வளவுதான. நாம என்ன அவன அடிச்சமா வஞ்சமா?"

"அவனுக்கும் கால்வெடிப்பு ஆறியிருக்கு," என்றாள் பெண்கள் பகுதியின் பொறுப்பாளர். "நமக்கெல்லாம் ஆறுச்சா? ஒரு வகைல பாத்தா அவன் குடுத்துவச்சவன்."

"பிள்ள வெசயம்?" என்றார் மாசிலாமணி.

"பிள்ளய மத்த பொம்பளைய பாத்துக்கிடுவாவ. பிரசவ வீட்டுக்குப் பொம்பளைய போலாம்னு ஒரு திருத்தம் போடுவோம். அவன் வெளிய இருக்கட்டும். வீட்டுமேல மழையும் பெய்யாது, பிள்ளைக்கும் நல்லது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மாசிலாமணிக்கு இந்தப் பேச்சை ஏற்கெனவே கேட்டதுபோல் இருந்தது. எங்கே என்று யோசித்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து, செத்த மாட்டைத் தூக்கவும் பிணத்துக்கு முன்னால் மேளம் அடிக்கவும் ஒரு தெரு வேண்டியிருக்கிறதே, நாம் என்ன அவர்களை அடித்தோமா வைதோமா, கொஞ்சம் தள்ளி இருக்கிறார்கள், எல்லாருக்கும் நல்லதுதானே என்று பேசியது இதே தொனியில்தான். கோபமே இல்லாத தொனி. அந்தத் தொனிதான் அவரை ஆயுசு பூராவும் தெருவில் நிறுத்தியது. இப்போது அவர் அந்தத் தொனிக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். அவரோடு சிறைக்கு வந்த முகங்கள், அவருக்கு மாலை போட்ட முகங்கள், பல வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகக் குழாய்த் தண்ணீர் குடித்த முகங்கள். ஒற்றை ஆளாக ஒரு கூட்டத்தில் தோற்பது அவருக்குப் பழக்கமில்லை. போலீஸிடம் தோற்றிருக்கிறார், முதலாளியிடம் தோற்றிருக்கிறார். தன் ஆட்களிடம் தோற்றதில்லை.

"இப்போதைக்கு எடுக்க வேண்டாம்ங்கறவங்க கையத் தூக்குங்க," என்றான் வயணப்பெருமாள்.

கைகள் எழுந்தன. எல்லாக் கைகளும் எழுந்தபிறகு ஒரு கை மட்டும் மேசைமேல் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. வயணப்பெருமாள் அந்தக் கையைப் பார்த்தான். கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை, காத்திருந்தான். மாசிலாமணி தன் கையைத் தானே பார்த்தார். அது எழுந்தது. யாரும் பிடித்துத் தூக்கவில்லை. மழைக்கும் நாய்க்கும் என்ன நேர்ந்ததோ தெரியாது, தன் கையை எழுப்பியது தான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

ஏகமனதாக நிறைவேறியது என்று அவரே அறிவித்தார்.

இதைப் போய்ச் சிவனணைந்தானிடம் சொல்ல வேண்டும். நாளை சொல்லலாம் என்று தள்ளினார். மறுநாள் காலில் சுளுக்கு என்றார். அதற்கடுத்து மாவட்டக் கூட்டம் ஒன்று வந்தது. அதற்குள் செல்லக்கனிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண்பிள்ளை.

தங்கபுஷ்பம்தான் உடனிருந்து பார்த்தாள், வந்து சொன்னதும் அவள்தான். பிள்ளை பிறந்த சத்தம் கேட்டதும் சிவனணைந்தான் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தானாம். அவன் வாசலில் கால் வைத்ததும், உத்தரத்தில் சேலையைக் கட்டிப் போட்டிருந்த தொட்டில், காற்றே இல்லாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்ததாம். அவன் இன்னும் ஓரடி வைத்தானாம். தொட்டில் சாய்ந்தபடியே மேலே ஏறி, பிள்ளை விளிம்புக்கு வந்துவிட்டதாம். அவன் வெளியே போய்விட்டானாம். அன்றிலிருந்து, தட்டுமேட்டை ஒட்டியிருக்கும் வீட்டுப் பின்பக்கத்துப் பனைமூட்டில் உட்கார்ந்திருக்கிறான். கூரை ஒழுகாமல் இருக்க எவ்வளவு பக்கம் வேண்டுமோ அவ்வளவு பக்கத்தில், தொட்டில் சாயாமல் இருக்க எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து.

"உங்களக் கேட்டான்," என்றாள் தங்கபுஷ்பம். "கமிட்டி கூடியாச்சான்னு கத்திக் கேட்டான். நான் என்னத்தச் சொல்ல."

மாசிலாமணி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தங்கபுஷ்பமும் பின்னாலேயே வந்தாள். மழை பலமாக இருந்தது. வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்தார். இயக்கத்தின் நலன், பருவத்தின் நெருக்கடி, தற்காலிகம். எல்லா வாக்கியங்களும் நன்றாகத்தான் வந்தன. சிவனணைந்தான் வீட்டுக்குப் பின்னால் போய், பனைமூட்டுக்கு எதிரே, கால் தானாக நிற்கிற தூரத்தில் நின்றார். தெருவில் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். பிள்ளை பார்க்க வந்த பெண்கள் கொல்லைக் கதவருகே நின்றார்கள். அவர்களும் செல்லக்கனியைத் தொடவில்லை. அவள் பிள்ளைத் தீட்டில் இருந்தாள். அவளுக்கென்று ஒரு மூலை, ஒரு தட்டு, ஒரு பாய். சோற்றைத் தட்டில் போட்டுத் தரையோடு தள்ளிவிடுவார்கள். தீட்டுக் கழிகிறவரை அவள் வாசலைத் தாண்டக்கூடாது, அவளை யாரும் அண்டக்கூடாது. இதற்கு எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். அப்போது கொல்லைக் கதவுக்குள்ளிருந்து செல்லக்கனி வந்தாள். பச்சை உடம்பு, முகம் வெளுத்திருந்தது, பிள்ளையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"ஏட்டி, எங்க வார," என்று கதவருகே நின்ற பெண்கள் பதறினார்கள். "தீட்டுக் கழியலட்டி. வெளிய வரக்கூடாது." சொல்லிக்கொண்டே, அவள் தங்கள்மேல் பட்டுவிடாமல், அவளுக்கு வழிவிட்டு இருபக்கமும் விலகி நின்றார்கள்.

அவள் அந்த வழியே நடந்து, மழைக்குள் இறங்காமல் காய்ந்த தரையில் கால் வைத்து, தன் அப்பாவைப் பார்த்துப் போனாள்.

சிவனணைந்தான் எழுந்து பின்னால் நகர்ந்தான். "கிட்ட வராத மக்கா. பிள்ள கையவிட்டு நழுவிரும். தொட்டில நீயே பாத்தல்லா."

"கைய நீட்டுங்கப்பா."

"சொன்னாக் கேளு."

"நீட்டுங்கப்பா. எனக்கு நிக்க முடியல."

பின்னால் பனைமரம். அதற்குமேல் நகர இடமில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். தெருவில் நின்றவர்கள் அவள் கால் வழுக்குவதற்காகக் காத்திருந்தார்கள். வழுக்கவில்லை. அவள் நடந்தாள், அவள் காலும் நடந்தது, தெரு அகலத்தைத் தாண்டி, பாயகலத்தைத் தாண்டி, முழத்தைத் தாண்டி, போய்ப் பிள்ளையை அவன் கையில் வைத்துவிட்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தாய்ச்சேலை வாசம் மாறாத பிள்ளை, ஒரு தடவை முகத்தைச் சுளித்துவிட்டு, அவன் கைக்குள் அடங்கிக்கொண்டது.

 ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவருகே நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். "அவளும் வெலக்குலதான இருக்கா," என்று தங்கபுஷ்பம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லாமல்.

விலக்கு நீங்கிவிடவில்லை. மழை அவர்கள் மூவரையும் சுற்றி விலகித்தான் பெய்தது. அம்பாரங்களும் நனையவில்லை, குழாயும் போகவில்லை, யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஊர் முழுவதும் நனைந்துகொண்டு வெளியே நின்றது, அவர்கள் காய்ந்த தரையில் உள்ளே நின்றார்கள்.

மாசிலாமணி ஓரடி எடுத்து வைத்தார். ஏதோ ஒரு கை அவர் நெஞ்சில் பட்டு, மரியாதையாக, பழைய இடத்திலேயே அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இன்னொரு முறை வைத்தார். அதே இடத்தில் நின்றார். தயார் செய்து கொண்டுவந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது தேவைப்படவில்லை; கமிட்டி என்ன முடிவெடுத்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்து புருவத் தழும்பில் தேங்கிக் கண்ணுக்குள் இறங்கியது.

சிவனணைந்தான் பிள்ளையின் முகத்திலிருந்து ஒரு கணம் தலையைத் தூக்கினான். அப்போதுதான் அவர் நிற்பதைக் கண்டான்.

"அண்ணாச்சி," என்று அந்தத் தூரத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். "நனையுதியளே. வீட்டுக்குப் போங்க."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் மாசிலாமணி தாங்கியிருப்பார். குத்தலுக்குப் பதில் சொல்லத்தான் அவர் ஆயுசு முழுக்கப் பழகியிருந்தார்.